கீழ் கோத்தகிரி: கருத்துக்கணிப்பு ஏறாத மலை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை மலை ஏறும் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். மிச்சம் இருப்பவர்கள் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் மாயாறு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோத்தகிரிக்கு வடகிழக்கே சோலூர்மட்டம், கீழ் கோத்தகிரி, கரிக்கியூர் என்று நீளும் பக்கத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. அதனாலேயே அந்தப் பக்கம் இன்னும் அழகாக இருக்கிறது.

பேருந்தின் இரு ஜன்னல்களிலும் பச்சை. சரிவெல்லாம் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சோலைக்காடு. அந்தி சாய்ந்தால் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நடமாடும். உள்ளூர்க்காரர்கள் டார்ச் லைட் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள்.

நீலகிரியில் கோத்தர்களுக்கு உள்ள பழைய ஏழு ஊர்களில் ஒன்று கீழ் கோத்தகிரியில் இருக்கிறது. மண்பாண்டம், இரும்பு வேலை, இசை என்று மலைக்கே கைத்தொழில் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். கோத்தகிரி என்ற பெயரே அவர்களால் வந்தது என்பார்கள். அவர்களைச் சுற்றிப் படுகர்களின் ஹட்டிகள், சரிவு இறங்க இறங்க இருளர், குறும்பர் குடியிருப்புகள். எஸ்டேட் லைன் வீடுகளில் சமவெளியிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களும் இந்த மலைகளில் குடியேறினார்கள். ஒரே சாலையில் கோத்தர் மொழி, படுகு, இருளர் பேச்சு, மலையகத் தமிழ், கொங்குத் தமிழ் எல்லாம் காதில் விழும்.

ஒரு கோப்பையில் ஒரு தோட்டம்

இங்குள்ள தேயிலை குன்னூர் ஏலத்துக்குப் போகும்போது மூட்டைகளை எல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுப்பார்கள். ருசி பார்ப்பவர் இரண்டு, மூன்று கிராம் தூளில் கொதிநீர் ஊற்றி, சில நிமிடம் விட்டு, 'சர்ர்ர்' என்று உறிஞ்சித் துப்பிவிட்டு, தூளின் தரத்தைச் சொல்லிவிடுவார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

ஆனால் அந்த ஒரு சோறு சரியாக இருக்க, பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அதனால்தான் ஃபேக்டரியில் தூளை நன்றாகக் கலந்த பிறகே மூட்டை கட்டுகிறார்கள். கலக்காத குவியலின் மேலே இருந்து மட்டும் மாதிரி எடுத்தால் நாக்கு எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் ஏமாறும்.

தேர்தல் கருத்துக்கணிப்பும் இதே வேலைதான். 2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலின்போது உலகமே இந்த வேலையை வேடிக்கை பார்த்தது. ஸோரான் மம்தானிக்கும் ஆண்ட்ரூ குவோமோவுக்கும் இடையே 20 புள்ளியாக இருந்த இடைவெளி 10 ஆகச் சுருங்கிவிட்டது என்றது ஒரு கணிப்பு. கடைசி நாட்களில் ஒரு நிறுவனம் 25 புள்ளி என்றது. இன்னொன்று ஏறத்தாழ 7 என்றது. ஒரே ஊர், ஒரே வாரம்! முடிவில் மம்தானி சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

ஆயிரம் பேரிடம் கேட்கும் கணிப்பில் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் 3 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிழை அதைவிடப் பெரிதாகும். ஆகவே 'இடைவெளி நான்கு புள்ளி குறைந்தது' என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

நிறையப் பேரிடம் கேட்டால் மட்டும் சரியாகிவிடுமா? 1936-இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பத்திரிகை தேடிப் போன முகவரிகளில் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களே அதிகம். குவியலின் மேல்பகுதித் தூள்!

நம் மேயர், நம் வார்டு

சென்னையில் மேயருக்கு இப்படிக் கணிப்பு நடத்தினால் அர்த்தமில்லை. 1996-இல் மு.க.ஸ்டாலினையும் 2011-இல் சைதை துரைசாமியையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் ஆர்.பிரியாவை மேயராகத் தேர்ந்தெடுத்தவர்கள் கவுன்சிலர்கள். மக்கள் போட்டது வார்டுக்கான ஓட்டு மட்டுமே.

கீழ் கோத்தகிரிக்கோ எந்தக் கணிப்பும் எட்டுவதில்லை. தமிழ்நாடு முழுக்க ஆயிரம் பேரிடம் கேட்டால் தொகுதிக்கு நான்கு பேர்தான் வருவார்கள். கோத்தகிரி வட்டாரம் இருக்கும் குன்னூர் தொகுதியின் அந்த நால்வரில் ஒரு கோத்தரோ, ஒரு இருளரோ, சிக்னல் கிடைக்காத லைன் வீட்டில் இருக்கும் கொழுந்து பறிக்கும் அக்காவோ இருப்பது அபூர்வம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது 4,105 ஓட்டு. ஹட்டிகள் சில சேர்ந்து மனம் மாறினால் புரண்டுவிடக்கூடிய எண்ணிக்கை.

இந்த மலை தன் மனதைச் சத்தமில்லாமல் சொன்ன ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2014 நாடாளுமன்றத் தேர்தலில்தான் 'நோட்டா' முதன்முதலாக நாடு முழுவதும் இடம்பெற்றது. அந்தத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நீலகிரி: 46,559 ஓட்டுகள். நூற்றில் ஐந்து பேர் 'யாரும் வேண்டாம்' என்று பட்டனை அழுத்தியிருந்தார்கள். தொகுதியில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று சமவெளியும் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 'எந்தக் கட்சி?' என்று மட்டும் கேட்பவருக்கு இப்படிப்பட்ட பதில் கிடைக்காது.

கேட்க வேண்டிய கேள்வி

இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது பசுந்தேயிலை விலைதான். நீலகிரியின் சிறு விவசாயிகளில் பலருக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்தான் சொத்து. உரம், கூலி, வண்டி வாடகை போக மிஞ்சுவது இலையின் விலையைப் பொறுத்தது. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023-இல் கோத்தகிரி வட்டாரத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த விலை கிடைத்தால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்டலாம். கிடைக்காவிட்டால் பிள்ளை திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்கு இறங்கும்.

அடுத்த பேச்சு சாலை, தெருவிளக்கு, தண்ணீர். இவற்றைக் கேட்க வேண்டிய கிராம ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நியூயார்க் மேயரின் ஏற்ற இறக்கத்தைச் செல்போனில் பார்க்க முடிந்தவருக்கு, தன் தெருவிளக்குக்கு யாரிடம் போவது என்பது கேள்வியாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நீலகிரிக்கு வெளிமாவட்ட வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. கரிக்கியூர் பக்கத்துக் காட்டில் மிகப் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். முன்பு போன சிலர் அவற்றின் மேலேயே தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். கோத்தர் ஊருக்குள் நுழையும் முன் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் பகுதிக்குள் வெளியாட்கள் தாமாகப் போகக் கூடாது.

மாலை கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையிலேயே கண்டக்டரிடம் விசாரித்துவிடுங்கள். அதுவரை நேரம் இருந்தால் ஒரு டீ சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த மாசம் இலை என்ன விலை போகுது, அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.