பாங்காக்கில் மூன்று நாள்

சயாம் தேசம் என்று நம் முன்னோர் வழங்கிய தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்குக்கு, 2019 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், என் தந்தையாரை அழைத்துச் சென்றேன். அவருக்கு அப்போது வயது 74. முழங்கால் நோவு பத்தாண்டாக உடன் வருவது. 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். பாங்காக்கு அரண்மனையைச் சார்ந்த பிராமணர்கள் ஆண்டுதோறும் நிகழ்த்தும் ஒரு விழாவிலே திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதப்படுகின்றன என்னும் செய்தியை இளமையில் எங்கோ படித்து, அதனை ஒவ்வோராண்டும் வகுப்பிலே தவறாது சொல்லி வந்தவர். "சொன்னேனேயன்றிக் கண்டேனில்லை" என்பது அவர்தம் நெடுநாட் குறை. எனக்குக் கிடைத்த விடுமுறையோ மூன்றே நாள். அம்மூன்று நாளையும் செம்மையாகப் பங்கிடும் பொறுப்பு என்னைச் சார்ந்தது.

அந்நகரில் ஊர் காட்டுவோர்க்குக் குறைவில்லை. பெரிய பேருந்தில் ஏற்றிச் செல்வோர், பத்துப் பன்னிருவரைச் சிறு வண்டியில் அடைத்துச் செல்வோர், படகில் அழைப்போர், மிதிவண்டியில் அழைப்போர், இரவில் உணவுக் கடைகளை மட்டும் காட்டுவோர் எனப் பல திறத்தர். இவருள் யாரைத் தெரிவது? யான் செய்த பிழை இங்கேதான் தொடங்கிற்று. இடங்களின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, குறைந்த பணத்துக்கு மிகுந்த இடம் தருவதே சிறந்தது என்று துணிந்தேன். கத்தரிக்காய் வாங்குவோன் சொத்தை பாராமல் எடையை மட்டும் பார்த்தது போலாயிற்று.

முதல் நாள், "ஒரே நாளில் ஒன்பது இடங்கள்" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு கூட்டத்தாரின் வண்டியில் ஏறினோம். நகரினின்று ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள டம்னன் சடுவக் என்னும் மிதக்கும் சந்தைக்கு முதலில் கொண்டு சென்றனர். 1860களிலே வெட்டப்பெற்ற கால்வாயின்கண் ஓடங்களில் பழமும் உணவும் விற்கும் பெண்டிரைக் காண்பது இனிதே; ஆயினும் போகவும் வரவும் ஆன நேரத்தை எண்ணினால், அங்கே நின்ற 40 நிமிடம் ஒரு பொருட்டன்று. திரும்பும் வழியிலே ஒரு மணிக்கடையில் வண்டி நின்றது. அங்கே ஒரு மணிக்கு மேல் இருந்தோம். வாங்காதவரைக் கடைக்காரர் பார்த்த பார்வையை இன்றும் மறந்தேனில்லை. ஒன்பது இடங்களுள் நான்கனை வண்டியின் சன்னல் வழியாகவே காட்டி முடித்தனர்.

இரவு அறைக்கு மீண்டதும் தந்தையார் கட்டிலில் அமர்ந்து, "தம்பி, இன்று நாம் நெடுநேரம் கண்ட இடம் எது?" என்றார்.

"நகைக்கடை, அப்பா."

அவர் நகைத்தார். எனினும் முழங்கால் வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டிருக்கையில், "நாளை நீ மட்டும் போய் வா, நான் அறையில் இருக்கிறேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் நிமிரவில்லை.

மறுநாள் வற்புறுத்தி அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். மதிலோரம் தூய வெள்ளுடை அணிந்த ஒருவர் எதிர்ப்பட்டு, இன்று திருநாளாதலின் அரண்மனை மூடியிருக்கிறதென்றும், மாலையில்தான் திறக்குமென்றும், அதுவரை மூன்று சக்கர வண்டியில் சிறு தொகைக்கு வேறு கோயில்களைக் காணலாமென்றும் மிகப் பரிவோடு கூறினார். இஃது அந்நகரில் வழக்கமான சூது. அவ்வண்டி சென்று நிற்பது மணிக்கடை வாயிலிலேயே. இதனை யான் புறப்படுமுன்னரே படித்திருந்தேன். படித்த பாடம் தேர்வு மண்டபத்தில் மறந்துபோவது மாணவர்க்கு மட்டும் உரியதன்று போலும். யான் வண்டிக்குக் கை காட்டிவிட்டேன். தந்தையார் தம் கைத்தடியை ஊன்றி நின்று, "மூடிய கதவையாவது பார்த்துவிட்டுத் திரும்புவோமே" என்றார். சென்றோம். வாயில் திறந்திருந்தது. ஆளுக்கு 500 பாட் கொடுத்து உள்ளே புகுந்தோம்.

பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவம் 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. பருவத்துக்கேற்ப ஆண்டில் மூன்று முறை அதற்கு ஆடை மாற்றப்படும். சுற்றுமண்டபச் சுவரிலே அந்நாட்டு இராமகாதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. தந்தையார் ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நின்று, "இவன் யார்? இவள் யார்?" என்று வினவினார். அந்நாட்டு அனுமன் காதலியர் பலரை உடையவன் என்னும் ஒன்றைத் தவிர எனக்கு விடை தெரிந்திலது. நண்பகலுக்குள் அவர் களைத்துவிட்டார். எஞ்சியது ஒரு நாள்.

அன்றிரவு மீண்டும் தெரிவு. வழிகாட்டும் தொழில் அந்நாட்டில் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. உரிமம் பெற்றவர் அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பர். அவ்வாறு உரிமம் பெற்ற மூவர்க்கு எழுதினேன். கடைகளுக்கு அழைத்துச் செல்வீர்களா, எங்களோடு வேறு எவர் வருவர், ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று கேட்டேன். இருவர் கட்டணத்தையும் நீண்ட இடப்பட்டியலையும் அனுப்பினர். மூன்றாமவராகிய அம்மையார் விடை கூறுமுன் வினா ஒன்று விடுத்தார்: "உங்கள் தந்தையார் எத்தனை படி ஏறுவார்?" முதல் நாளைப்போல் மும்மடங்கு பணம். மறு சிந்தனையின்றி இசைந்தேன்.

காலை ஏழு மணிக்கு வந்தார், நடுவயதினர், குடை ஒன்றும் சிறு குறிப்பேடு ஒன்றும் கையில். படகுத்துறைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு படகும் எத்துறைகளில் நிற்கும் என்பதை அதன் கொடியின் நிறத்தால் அறியும் முறையைச் சொன்னார். கடலின் ஏற்றவற்றம் நகர்வரை எட்டுவதால் நீர்நிலை அறிந்தே படகேறும் வேளையைக் குறித்ததாகவும் கூறினார். வாட் அருண் கோபுரத்தின் செங்குத்தான படிகளை விலக்கி, சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த அதன் வடிவை ஆற்றிலிருந்தே காட்டினார். பின்னர், "இப்போது நாம் செல்லும் இது பழைய ஆறன்று" என்றார். ஆயுத்தியா தலைநகராயிருந்த காலத்தில், 16 ஆம் நூற்றாண்டிலே, கப்பல்கள் ஆற்றின் பெருவளைவைச் சுற்றாமற் செல்ல ஒரு குறுக்குக் கால்வாய் வெட்டினராம். நீர் அவ்வழியையே விரும்பிப் பாய்ந்து கரையை அகற்ற, கால்வாய் சாவ் பிரயா பேராறாயிற்று. பழைய ஆறு பாங்காக் நோய், பாங்காக் யாய் என்னும் கால்வாய்களாயிற்று. தந்தையார் இதனை இருமுறை சொல்லச் செய்து கேட்டார். முதல் நாள் ஒன்பது இடங்களில் ஒருவரும் இத்தகைய சொல் ஒன்று சொன்னாரில்லை.

வாட் போவில் 46 மீட்டர் நீளமுள்ள பள்ளிகொண்ட புத்தரையும், முத்துச்சிப்பி இழைத்த திருவடிகளில் 108 மங்கலக் குறிகளையும் கண்டு, நிழலில் நெடுநேரம் இருந்தோம். அதன்பின் ஒரே ஓரிடம். 1784 இல் முதலில் நிறுவப்பெற்ற பேரூசல், செந்நிறத் தேக்குத் தூண்களோடு வானளாவ நின்றது. இப்போதுள்ள தூண்கள் 2007 இல் நாட்டியவை. முற்காலத்து விழாவில் இளைஞர் இதில் ஆடி, மூங்கிலில் தொங்கும் பணமுடிப்பைப் பல்லாற் கவ்வுவர். 1935 க்குப் பின் ஆட்டம் இல்லை. அருகே, அதே 1784 இல் எழுந்த பிராமணர் கோயில். சிவனுக்கும் விநாயகனுக்கும் திருமாலுக்கும் தனித்தனி மண்டபம். யாம் சென்ற வேளை ஓதும் வேளையன்று.

அம்மையார், "இங்கே நடப்பது திரியம்பாவாய் விழா. இது பிராமணரின் பழஞ்சொல், பொருள் எனக்குத் தெரியாது" என்றார்.

தந்தையார் தலை நிமிர்ந்தார். திரியம்பாவாய் என்பது திருவெம்பாவையே என்பதனையும், பாவை யாது, நோன்பு யாது, விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்புவது யாது என்பதனையும் அவர் தமிழிற் சொல்ல, யான் ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னர் முதற்பாட்டைத் தாழ்ந்த குரலில் முழுதும் ஓதினார். அங்குள்ளோர் கிரந்த எழுத்தில் காத்துவைத்து ஓதுவது தமிழர் செவிக்கு எளிதில் விளங்காதபடி திரிந்துள்ளது என்பர். அம்மையார் அன்று திரியாத ஓசையைக் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து தம் எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, வாய்விட்டுச் சொன்னார். "அப்படியன்று, அம்மா" என்று தந்தையார் திருத்தினார். மீண்டும் சொன்னார், மீண்டும் திருத்தினார். கால் நோவு பற்றி அன்று அவர் வாய் திறக்கவேயில்லை. வழிகாட்ட வந்தவரும் விடைபெறும் நேரத்தை மறந்தார்.

அதன்பின் என் தந்தையார் கடல் கடந்திலர். 2020 ஜனவரியில் அம்மையாரிடமிருந்து ஒரு மடல் வந்தது. அவ்வாண்டு விழாவுக்குச் சென்றிருந்ததாகவும், ஓதியவற்றுள் ஏனையவை விளங்காவிடினும் "பாவை" என்னும் ஒரு சொல்லை இன்னதென அறிந்து கேட்டதாகவும் எழுதி, தம் கையால் அச்சொல்லைத் தமிழெழுத்தில் வரைந்து, அதன் படத்தையும் இணைத்திருந்தார். ஐகாரக் கொம்பு பகரத்தின் முன் நின்றது. தந்தையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, அதனை நெடுநேரம் நோக்கினார். பின்பு ஒரு தாள் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில், திருத்தமாக, பாவை என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"இதை இன்றே அனுப்பிவிடு" என்றார்.