காலண்டர் கட்டத்துக்குள் சர்க்கரை

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. திண்டுக்கல்லில் வாடிக்கையாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் வருஷா வருஷம் கொடுப்பது. தேதிக்கு ஒரு கட்டம். கட்டத்தின் மேல் மூலையில் பால் கணக்கு: ஒன்று, ஒன்றரை, வரலை. சிலிண்டர் வந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். மொய் எழுத வேண்டிய வீட்டின் பேர். இதற்கெல்லாம் கீழே, பென்சிலில், அம்மாவின் சர்க்கரை. "வெ 142" என்றால் வெறும் வயிற்றில் பார்த்தது. "சா 211" என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்றிரண்டு சொல் இருக்கும். களி. கல்யாண வீடு. தூக்கமில்ல. காய்ச்சல். பெரியவ போன் பண்ணல.

நான் திண்டுக்கல் டவுனில் இருக்கிறேன். என் மணிக்கட்டில் ஒரு வாட்ச் இருக்கிறது. நடந்த காலடிகள், நாடித்துடிப்பு, தூங்கிய நேரம் என்று மூன்று வருஷத்துக் கணக்கு அதிலிருந்து போனுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்ண வண்ணக் கோடுகள், வட்டங்கள். இதுவரை எந்த டாக்டரும் அதைப் பார்க்கக் கேட்டதில்லை. காட்டினாலும் ஒரு பார்வையோடு திருப்பித் தந்துவிடுகிறார்கள். அம்மாவின் காலண்டர் தாள்களை அவளுடைய டாக்டர் மேசையில் விரித்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். வெளியே இருபது பேர் காத்திருந்த நாள் அது. "இந்த 'பெரியவ போன் பண்ணல'ன்னு போட்ட நாலு நாளும் ஏறியிருக்கே, கவனிச்சீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மிசின் வாங்கிக் கொடுத்தது நான்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும், பக்கவாட்டில் குத்த வேண்டும் என்று அவளே இரண்டு நாளில் கண்டுகொண்டாள். கையைத் தொங்கவிட்டு, உதறி, விரலை அடியிலிருந்து நுனி வரை மெதுவாகத் தடவிவிட்டுக் குத்துவாள். கடுகு அளவுக்கு ரத்தம் துளிர்க்கும். ஸ்ட்ரிப்பின் வாயைக் காட்டினால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். அதில் தடவியிருக்கும் நொதி ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை மிசின் அளந்து எண்ணாகக் காட்டுகிறது. அம்மா வாய்விட்டு அஞ்சு எண்ணுவாள். எண் வந்ததும் பென்சிலை எடுப்பாள். விரலைத் துடைப்பதெல்லாம் எழுதிய பிறகுதான்.

போன வருஷம் மே மாதம். நத்தம் மாம்பழம் கூடை கூடையாக வந்து இறங்கும் நேரம். லீவுக்கு வந்திருந்த பேரன் பேத்திகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா விரலைக் குத்தினாள். 338. வீடே கலங்கிவிட்டது. "நான் ஒரு துண்டுகூட வாயில வைக்கலப்பா" என்றாள். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. "கொட்டையச் சப்பியிருப்பே" என்று அண்ணன் சொன்னான். அம்மா பதில் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டோ பிடித்து டவுனுக்குக் கூட்டிவந்து லேபில் ரத்தம் எடுத்தால் 146. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "குத்துறதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாறுதான் அந்த 338. ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிக்கச் சொல்லி, கையைக் கழுவாமல் விரலில் குத்திப் பார்த்தபோது எண் எங்கோ போய் நின்றது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் உண்மையான அளவு வந்தது. ரத்தத்துளி அத்தனை சின்னது. அதில் இம்மியளவு பழச்சாறு கலந்தாலும் மிசின் ஏமாந்துவிடுகிறது. ஆனால் நாங்கள் அம்மாவை நம்பாமல் மிசினை நம்பினோமே, அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவள் அந்தக் கட்டத்தில் 338-ஐ அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "மாம்பழக் கை" என்று எழுதிவைத்தாள்.

ஸ்ட்ரிப் டப்பா விஷயமும் அந்த வாரம்தான் தெரிந்தது. அடுப்படி ஜன்னல் மேட்டில், வெயில் நேராக அடிக்கும் இடத்தில் அதை வைத்திருந்தாள். டப்பாவிலேயே போட்டிருக்கிறது, முப்பது டிகிரிக்கு மேல் வைக்காதே என்று. எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் முப்பது டிகிரி என்பது விடியற்காலையில் மட்டும் கிடைப்பது. மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால் ஈரக்காற்று பட்டும் நொதி கெடும். இப்போது அது மண் தரையுள்ள உள்அறையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சர்க்கரைக்காரர்கள் தங்கள் ரத்தத்தைத் தாங்களே பார்க்கலாம் என்பது ஒரு காலத்தில் யாரும் ஒத்துக்கொண்ட விஷயமில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு எஞ்சினியர். பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை, இன்சுலின் ஊசி. 1969-இல் ஒரு விளம்பரத்தில் ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியைப் பார்க்கிறார். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை, 650 டாலர் விலை. ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் விற்பார்கள், நோயாளிக்குக் கிடையாது. அவருடைய மனைவி டாக்டர். அந்த அம்மாள் பேரில் வாங்கினார். தினமும் பலமுறை விரலைக் குத்தி, சாப்பாட்டையும் இன்சுலினையும் எழுதிவைத்து, எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று தானே கண்டுபிடித்தார். எழுதி அனுப்பியதை மருத்துவப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. நோயாளி சொன்னால் கேட்க மாட்டார்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்கள் என்று நாற்பது வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். 2025-இல், தொண்ணூறு வயதில் காலமானார். அம்மா கையிலிருக்கும் பெட்டிக்குப் பின்னால் அந்த மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. அவரும் எண்ணோடு சேர்த்து அன்றைய நாளையும் எழுதினார் என்பதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அம்மாவும் தன் அளவில் ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறாள். சர்க்கரை என்றாலே கேழ்வரகுக்கு மாறு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் யோசனை. அவள் ஒரு மாதம் காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். இட்லிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சில நாள் கூழுக்குக் கூடுதலாகவே இருந்தது. நைஸாக அரைத்து, கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ரத்தத்தில் ஏறும். அடுத்த மாதம் இட்லியை மூன்றாகக் குறைத்து, ஒரு கிண்ணம் தட்டைப்பயறு சேர்த்தாள். எண் இறங்கியது. சாப்பிட்டவுடன் உட்காராமல் கிணற்றடி வரை நாலு நடை போய்வந்த நாளில் இன்னும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சீரகசம்பா பிரியாணியை அவள் விடவில்லை. பாதித் தட்டு, பிறகு நடை. "பிரி, நடை, 178" என்று ஒரு கட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய வாரக் கட்டத்தில் "பிரி, படுத்தேன், 247". எந்தச் செயலியும் சொல்லித் தராத பாடம் இந்த இரண்டு கட்டங்களுக்குள் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை அவளுக்கு 8.4-இலிருந்து 7.3-க்கு வந்தது.

என் வாட்ச் தினமும் பத்தாயிரம் காலடி கேட்கிறது. மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறோம். அந்தப் பத்தாயிரம் மருத்துவம் சொன்ன கணக்கு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில் 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. "மான்போ-கேய்" என்று பேர். பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். அதுதான் உலகமெங்கும் இலக்காகிவிட்டது. 2019-இல் வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து வந்த ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களிடமே நல்ல பலன் தெரிந்தது. ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. முட்டி வலியோடு பத்தாயிரத்தை எட்டப் பாடுபடும் அக்காமார் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கருவிகளே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2021 மே மாதம் அண்ணனுக்குக் கொரோனா. மூச்சுத் திணறல் இல்லை, பேசினான், சாப்பிட்டான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மட்டும் 96, 94, 92 என்று இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிவப்பொளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியையும் விரல் வழியாகச் செலுத்தி, துடிக்கும் ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும் அந்த வழியை 1970-களில் கண்டவர் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானிய எஞ்சினியர். உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். கறுத்த தோலில் அது நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அதே வருஷ டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நம் ஊரில் எத்தனை பேர் 95 என்று பார்த்து நிம்மதியாகப் படுத்தார்களோ என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

செயலிகளில் எனக்கு உள்ள மனக்குறை வேறு. ஒன்றில் அம்மாவின் சர்க்கரையை ஏற்ற முயன்றேன். என் போனில் உள்ள அத்தனை பேர் நம்பரையும் பார்க்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். இரண்டு வாரத்தில் சர்க்கரையை வேரோடு போக்கும் பொடி என்று விளம்பரம் வரத் தொடங்கியது. 2023-இல் தனிநபர் தரவுக்கென்று சட்டம் வந்திருக்கிறது. வந்தாலும், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? அடுப்படிச் சுவரில் உள்ளதை வீட்டுக்கு வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

அப்படி மாதாமாதம் வருகிறவர்களில் ஒருவர் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, வீடு தேடி வந்து சுகரும் பிரஷரும் பார்ப்பார்கள் என்பதை எங்கள் ஊரில் பலர் நம்பவில்லை. இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரும் டாக்டர் வாசலில் போய் நிற்க முடியாது. அந்த அக்கா தோளில் பையோடு வெயிலில் நடந்து வந்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய்க் காலண்டரைப் பார்ப்பார். "அப்பத்தா, பதினேழாந் தேதி காலைல 68 இருக்கு, கிறுகிறுன்னு வந்துச்சா? ராத்திரி சாப்பிடலையா?" என்று கேட்பார். அம்மா பதில் சொல்வாள். அங்கே ஓர் எண்ணுக்குக் கேட்கும் காது கிடைக்கிறது. என் வாட்ச்சின் எண்களுக்கு அது கிடைத்ததில்லை.

போன மாதம் நான் ஊரில் இருந்த நாளில் அவர் வந்தார். "அண்ணே, உங்களுக்கும் பாத்துருவோமா?" என்றார். நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னார், காலைத் தரையில் ஊன்றச் சொன்னார், ஐந்து நிமிஷம் பேசக் கூடாது என்றார். பட்டை கையை இறுக்கியது. 152/96. மறுபடி பார்த்தார். 148/94. வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தேன். உடல்நிலை நன்று என்று பச்சை வட்டம் போட்டிருந்தது.

அக்கா போன பிறகு அம்மா பென்சிலோடு காலண்டர் பக்கம் போனாள். தன் எண்ணுக்குக் கீழே இடம் தேடி, "சின்னவன் 148" என்று எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி எத்தன மணிக்குப்பா படுத்தே?"

"ஒரு மணி இருக்கும்மா."

"தெனமுமா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கட்டத்துப் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த இடத்தில் எழுத்தைச் சின்னதாக்கி எழுதிக்கொண்டிருந்தாள்.