அடியில் ஒரு பெயர்

பிரிண்டரிலிருந்து வந்த தாள்களின் சூடு ஆறுமுன் மின்விசிறி அவற்றைத் தரையில் இறைத்துவிட்டது, கண்மாய்ப் பாசனம் பற்றி நான் செய்த ஸ்லைடுகளின் பழைய ஃபைலும் திருத்திய ஃபைலும் கலந்துபோயின, இரண்டின் அடியிலும் தேதியும் எண்ணும்தான் இருந்தன. வேர்டிலும் எக்செல்லிலும் ஃபைலின் பெயரை ஃபுட்டரில் தானாக வரவைக்கலாம், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸிலும் வழியுண்டு, பவர்பாயிண்டிலோ தேதி, எண், நாமே தட்டும் வாசகம், அவ்வளவுதான், பெயர் தானாக வர மேக்ரோ எழுத வேண்டும், பெயரை மாற்றினால் அதை மறுபடி ஓட்ட வேண்டும்.

குனிந்து பொறுக்கும்போது சூடான தாளின் வாசம் ஏறியது, கீழமாசி வீதிக்குப் பின்சந்தில் தாத்தா பைண்டிங் செய்த முன்னறை அதோடு வந்தது, பூச்சி அண்டாதிருக்க மைதாப் பசையில் அவர் கலக்கும் மயில்துத்தம், சணல் நூல், ஓட்டில் பதித்த கண்ணாடி வழியே தாள்கட்டின்மேல் விழும் வெயில். அச்சகத்திலிருந்து பாரம் பாரமாக வரும், பாரத்துக்குப் பதினாறு பக்கம், இரண்டாவது 17ஆம் பக்கத்தில் தொடங்கும், மூன்றாவது 33இல், அந்தப் பக்கங்களின் இடது அடியில் பொடி எழுத்தில் நூற்பெயரின் முதலெழுத்தும் பாரத்தின் எண்ணும், தி - 2, தி - 3 என்று நிற்கும். "அடியில பேரு பாத்தியா ராசா?" என்று கேட்ட பிறகுதான் ஊசியில் நூல் கோப்பார். கண் மங்கிய காலத்தில் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவுவார், ஈய எழுத்து அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும், விரல் நின்றால் சரி.

கோடை விடுமுறைக்குச் சோழவந்தான் பஸ்ஸில் ஏறித் திருவேடகத்தில் இறங்குவோம், கொடிக்காலிலிருந்து ஈர வெற்றிலை வாசம் வரும், சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்து வந்து ஒதுங்கிய ஊர் இது என்று அம்மாச்சி காம்பைக் கிள்ளியபடி சொல்வார். பக்கத்து வீட்டு வைத்தியத் தாத்தாவின் ஓலைக்கட்டில் ஏட்டுக்கு ஏடு இடது ஓரத்தில் க, உ, ங என்று எண் இருக்கும், நூலின் பெயர் முதல் ஏட்டில் மட்டும், அதனால் ஒரு கட்டைக் கயிறு போட்டுக் கட்டி வைக்காமல் மற்றதை அவிழ்க்கவே மாட்டார், எவ்வளவு அவசரமாக நோயாளி வந்து நின்றாலும் அப்படித்தான்.

இந்த அறையில் டியூப்லைட் வெளிச்சம்தான், தாளின் வாசமும் சூட்டோடு போய்விட்டது. பழைய ஃபைலைத் திரையில் திறந்து, ஒவ்வொரு தாளாக ஒத்துப் பார்த்து, இடது அடியில் பென்சிலை அழுத்தி கண் - 1 என்று எழுதினேன், அதை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறந்தேன்.