பார்டர் வரைக்கும்

சண்டை தொடங்கியது 1995இல். மதுரையில் எங்கள் கல்லூரி விடுதிக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கொத்துப் பரோட்டாவுக்கு இரும்புத் தகடு கல்லில் விழும் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும். அந்தச் சத்தத்தில் படித்தவன் எவனும் தேர்வில் தேறியதாக நினைவில்லை. நாலு பேர் இறங்கிப் போவோம். சட்டைப் பையில் இருப்பதைப் பொறுத்து ஆளுக்கு மூன்றோ நாலோ பரோட்டா. காசில்லாத நாளில் இரண்டு. ஆனால் சால்னாவுக்கு கணக்குக் கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் வாளியோடு வந்து ஊற்றுவார்கள்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் விருதுநகர்க்காரன் சொன்னான்: "இதெல்லாம் ஒரு பரோட்டாவாடா? எங்க ஊருக்கு வந்து பாரு."

தென்காசிக்காரன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எண்ணெய்ல போட்டு எடுத்தா அது அப்பளம். பரோட்டான்னா எங்க பார்டர்ல வந்து சாப்பிடணும்" என்றான். திருநெல்வேலிக்காரன் இரண்டையும் சட்டை செய்யாமல், சாப்பிட்ட பிறகு அல்வா இல்லாத ஊரெல்லாம் ஊரா என்று கேட்டான். நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் வீட்டில் பரோட்டா என்பது ரயிலைத் தவறவிட்டவர்கள் சாப்பிடுவது. எனவே நான் நடுவராக நியமிக்கப்பட்டேன்.

தீர்ப்புச் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது. போன ஜூலையில்தான் நாலு பேருக்கும் ஒரே வார இறுதி அமைந்தது. ஊர்ப் பெயரையே ஆள் பெயராக வைத்துக் கூப்பிடும் விடுதிப் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. விருதுநகரானின் காரில், சனிக்கிழமை சாயங்காலம் மதுரையில் இருந்து கிளம்பினோம். தென்காசியான் கையில் ஒரு மாத்திரை டப்பா. சர்க்கரை. நெல்லையானுக்குக் கொழுப்பு. ஆளுக்கு நாலு பரோட்டா வாங்கக் காசில்லாத காலம் போய், காசு இருந்தும் இரண்டுக்கு மேல் இறங்காத காலம் வந்திருந்தது.

விருதுநகர் வியாபாரிகளின் ஊர். பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் என்று மளிகைக் கடையில் நாம் வாங்கும் பாதிச் சாமான்களுக்கு விலை பேசுவது இங்கேதான். காமராஜர் பிறந்த தெருவைத் தாண்டிப் போகும்போது காற்றிலேயே வத்தல் நெடி இருந்தது. "எண்ணெய் மண்டி இருக்கிற ஊர்ல பரோட்டாவ எண்ணெய்ல பொரிக்காம தண்ணியிலயா பொரிப்பாங்க?" என்பது விருதுநகரானின் வாதம். அது சரித்திரமா ஊர்ப் பெருமையா என்று நான் விசாரிக்கவில்லை. நடுவர் பசியோடு இருந்தார்.

இருட்டிய பிறகுதான் இந்தக் கடைகளுக்கு உயிர் வருகிறது. நாங்கள் போன கடையில் வாசலிலேயே கல். கல் என்று சொல்வது வழக்கத்துக்காக. அது நடுவில் குழிந்த பெரிய இரும்புத் தட்டு. குழிவில் எண்ணெய் குளம் போலத் தேங்கி நிற்கிறது. உள்ளங்கை அளவுப் பரோட்டாக்கள் அதில் மிதந்துகொண்டிருக்கின்றன. மாஸ்டர் அவற்றைத் திருப்பித் திருப்பி விடுகிறார். சிவந்ததும் ஓரத்து மேட்டுக்கு ஒதுக்குகிறார். எண்ணெய் வடிந்து மறுபடி குளத்துக்கே போகிறது. எல்லா ஊரிலும் மைதாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, தட்டுவது வரை ஒரே கதைதான். ஊர் மாறுவது கல்லில் விழும்போதுதான்.

இலையில் இரண்டு வந்து விழுந்தன. நான் சால்னாவை ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் ஊரில் சாம்பார் இட்லிக்கு அப்படித்தான்.

"டேய், என்ன பண்ற? நொறுக்குடா! ஊறிப் போச்சுன்னா மதுரையிலயே தின்னுட்டு வந்திருக்கலாமே."

கையால் அழுத்தினால் சருகை மிதித்த சத்தம். மேல் அடுக்கு நொறுங்கி, உள் அடுக்கு மட்டும் மெத்தென்று இருக்கிறது. சால்னா படும் துண்டு ஒன்று, படாத துண்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இடையில் மட்டன் சுக்கா ஒரு விள்ளல். வேகம் முக்கியம். இந்தப் பரோட்டாவுக்கு ஆயுள் ஐந்து நிமிடம். அதற்குள் பேசுகிறவன் தோற்றான். பக்கத்து மேசையில் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தாங்காமல், "தம்பி, கொஞ்சம் வெங்காயத்தையும் சேர்த்துக் கடிங்க" என்றார். அவர் சொன்னது சரி.

தென்காசியான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டான். நெல்லையான் மூன்று. 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் சூரி ஐம்பது பரோட்டாப் பந்தயத்துக்கு உட்கார்ந்தது 2009இல். அதற்குப் பிறகு எந்தப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் கோட்டை அழிக்கிற பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை. இங்கே எடுத்தது பரிமாறிய பையன். நெல்லையானின் இலையைப் பார்த்து எடுத்தான்.

கல்லாவில் வழக்கமான தள்ளுமுள்ளு. நாலு கைகள் நாலு நோட்டுகளை நீட்டின. கல்லாக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளூர்க் கையை எப்படியோ கண்டுபிடித்து அதிலிருந்து மட்டும் வாங்கிக்கொண்டார். விடுதிக் காலத்தில் இந்தத் தள்ளுமுள்ளு கிடையாது. தென்காசியானிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். அதன்படி நான் அவனுக்கு முப்பத்தேழு ரூபாய் பாக்கி. இன்னும்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோவிலின் பதினோரு நிலைக் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தோம். பால்கோவா வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தெருவில் கடைகள் கூடியிருக்கின்றனவா, முன்பே இவ்வளவு இருந்தனவா தெரியவில்லை. பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் தவிர வேறு ரகசியமில்லாத இனிப்பு. கைவிடாமல் கிண்டுகிறவரின் தோள்தான் ரகசியம். வெதுவெதுப்பாக இருந்ததைக் காரிலேயே முடித்தோம். தென்காசியான் விரல் நுனியில் தொட்டுக்கொண்டு, "ருசி மட்டும்" என்றான். எட்டு தடவை ருசி பார்த்தான்.

ராஜபாளையம் தாண்டினால் வலது பக்கம் மலை கூடவே வருகிறது. புளியங்குடி, கடையநல்லூர் என்று போகப் போக வெயில் குறைந்து, தென்காசிக்கு முன்னால் கண்ணாடியில் சாரல் விழுந்தது. இங்கிருந்து தென்காசியானின் ராஜ்ஜியம். அவன் குரலே மாறிவிட்டது. நேரே கடைக்குப் போகலாம் என்ற எங்களைத் தடுத்து, "அருவியில குளிக்காம பார்டர்ல உக்காந்தா ரெண்டோட நிறுத்திருவ" என்று ஐந்தருவிக்கு ஓட்டச் சொன்னான். வைத்தியம் தெரிந்தவன். தலையில் எண்ணெய் தேய்த்து, தோளில் அந்தத் தண்ணீர் அரை மணி நேரம் இடித்த பிறகு வந்த பசி, பத்தொன்பது வயதில் வந்த அதே பசி. மாத்திரை டப்பாவை யாரும் தேடவில்லை.

பிரானூர் பார்டர், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. கேரளம் அங்கிருந்து தெரியாது. மேற்கே செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, மலை ஏறினால்தான் இன்றைய எல்லை. பிறகு ஏன் இது பார்டர்? செங்கோட்டை 1956 வரை நம் பக்கம் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர் அது. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை ஒரு ராஜ்ஜியம் முடிந்து இன்னொன்று தொடங்கியது இந்தப் பிரானூரில். வண்டிகள் நின்று போகிற இடத்தில் அடுப்பு எரிவது உலக வழக்கம். எல்லை மலைக்கு மேலே போய்விட்டது. அடுப்பு இங்கேயே இருந்துவிட்டது. கண்டக்டர் இன்றைக்கும் "பார்டர்லாம் எறங்கு" என்றுதான் விசில் ஊதுகிறார். சென்னையில் கூடப் பார்டர் பரோட்டா என்று பலகை வைக்கிறார்கள். எந்த நாட்டு எல்லை என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய எல்லை அது என்று பசியோடு இருப்பவளுக்கு எப்படி விளக்குவது?

இங்கே பேர் பெற்றது ரஹ்மத் கடை. அதைச் சுற்றி அதே ருசிக்குச் சொந்தம் கொண்டாடும் கடைகள் பல. நாங்கள் போனது எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த சீசனில் தென்காசியானுக்கே இடம் கிடைக்காது. அன்றைக்கும் கிடைக்கவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமை. டோக்கன், வரிசை எதுவும் கிடையாது. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் இலையை மடிக்கும் நொடியில் நாற்காலி நமக்கு. எனக்கு வாய்த்தவர் ஒரு கல்யாண வீட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிடக்கூடியவர். நான் நிற்பது தெரிந்ததும் இன்னும் நிதானமானார். திரும்பி என் முகத்தைப் பார்த்து, "இன்னொரு காடை" என்று ஆர்டர் கொடுத்தார். நாற்பது நிமிடம்.

இடம் கிடைத்ததும் தென்காசியான் எங்களை எதையும் தொட விடவில்லை. வாழையிலையில் சின்னச் சின்னப் பரோட்டாக்கள், மெல்லிசாக, துணி போல. விருதுநகரில் நொறுங்கியது இங்கே கிழிகிறது. எல்லாவற்றையும் அவனே பிய்த்துப் போட்டான். கோழிச் சால்னாவை முதலில், அதன் மேல் இன்னொரு குழம்பை ஊற்றச் சொல்லி, விரல் நுனியால் புரட்டி, நாலு இலைக்கும் அவனே பிசைந்து வைத்தான். ஐம்பதை நெருங்கும் மனிதன் மூன்று தடியன்களுக்குச் சோறு பிசைவது போலப் பிசைந்ததைப் பார்த்துப் பரிமாறிய அண்ணன் சிரித்தார். அப்புறம் நாட்டுக்கோழி வறுவல், மிளகு தூக்கலாக, எலும்போடு கடிக்கிற மாதிரி. பிறகு காடை. அருவித் தண்ணீர் இன்னும் தலையில் இருந்து சொட்டிக்கொண்டிருக்க, மிளகு காதைச் சுட்டது.

விருதுநகரான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை பரோட்டா கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது மட்டும், "அப்பளம் நல்லாத்தான் இருக்கும்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதா என்று தென்காசியான் என்னைப் பார்த்தான். நடுவர் எலும்போடு இருந்தார்.

பணத்தை நான் கொடுத்தேன். முப்பத்தேழு ரூபாயை இதில் கழித்துக்கொள் என்றேன். "அது தனிக் கணக்கு" என்றான்.

திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை திறந்து, கூட்டம் தெருவில் நின்றது. நூறு கிராம் வாங்கி நின்றபடியே தின்றோம். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்துக் கிண்டுவது, விரலில் ஒட்டாமல் நாக்கில் வழுக்குகிறது. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நெல்லையான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தான். சூட்டோடு தின்றபோது அவனை மறுக்கத் தோன்றவில்லை.

ராத்திரி அவனுடைய அக்கா வீட்டில். எங்களைப் பார்த்ததும் அக்கா, "மூணு நேரமும் மைதாவையா தின்னுட்டு வாறிய?" என்று கேட்டார். நாலு பேரும் விடுதிப் பையன்களாக நின்றோம். சொதி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கிற குழம்பு. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இரண்டு நாள் எண்ணெய்க்குப் பிறகு வயிறு அதைக் கும்பிட்டு வாங்கியது. யாரும் பரோட்டாவைப் பற்றிப் பேசவில்லை. தீர்ப்பையும் கேட்கவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் விருதுநகரான் ஓடிப் போய் ஒரு கடையில் நாலு பரோட்டாவும் ஒரு பை சால்னாவும் பார்சல் வாங்கி வந்து ஜன்னல் வழியாகத் தந்தான். "எங்க ஊர்து இல்ல. ஆனாலும் வச்சுக்கோ." நூல் கட்டிய அந்தப் பையைத் தஞ்சாவூர் வரை குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

விடிகாலையில் வீட்டுக்கு வந்து பையை அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா சால்னாவைக் கொதிக்க வைத்து, நாலு இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பரோட்டாப் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஓரத்தில் இருந்தது.

"குழம்பு நல்லாருக்குடா" என்றாள். "அது என்ன, கூட ஏதோ குடுத்திருக்கான்?"