நூலால் ஆத்தை அளக்கிறது

தலவாக்கலைப் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், எல்லா ஓடையும் ஒரே மாதிரி வராது. ஒன்று மழை விடுறதுக்கு முன்னமே பாலத்தை மூடிடும். பக்கத்து ஓடை ஆடி அசைஞ்சு பொழுதுபடத்தான் கலங்கும். அதே மழை, அதே மலை. கேட்டால் "அது அப்படித்தான்" என்று அம்மாயி முடிச்சிடுவாங்க.

கம்பஸில் புவியியல் படிக்கப் போன பிறகுதான் இதற்கொரு கணக்கு இருக்கு என்று தெரிஞ்சுது. பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம், நீலப் பென்சில், கொஞ்சம் நூல். நூலை ஓடைக்கோட்டின் மேல் வளைச்சு வைச்சு நீளம் எடுக்கலாம். கிளையில்லாத ஓடை முதலாம் வரிசை. அப்படி இரண்டு சேர்ந்தால் இரண்டாம் வரிசை. ஹோர்டன் 1945இல் தொடக்கி வைச்சதை ஸ்ட்ராலர் 1950களில் இப்படி எளிமையாக்கினார்.

எனக்குப் பிடிச்சது வடிவக் காரணி. வடிநிலத்தின் பரப்பை அதன் நீளத்தின் வர்க்கத்தால் பிரிக்கணும். 4 சதுர கிலோமீற்றர் வடிநிலம் ஒன்று 2.5 கிலோமீற்றர் நீளம் என்றால் 0.64. அதே பரப்பு 5 கிலோமீற்றருக்கு நீண்டு கிடந்தால் 0.16. உருண்டையானதில் எல்லாக் கிளைத் தண்ணியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து விழும். வெள்ளம் சட்டென்று ஏறும். நீளமானதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி. எங்கள் பாலத்தை மூடுற ஓடை நல்ல உருண்டை.

ஆனால் படத்தை வைச்சுக்கிட்டு தோட்டத்துக்குள்ள நடந்தால் வேற கதை. மொத்த ஓடை நீளத்தைப் பரப்பால் பிரிச்சால் வடிகால் அடர்த்தி. தேயிலை மலை முழுக்கக் கான் வெட்டியிருக்கே? லயத்துப் பின்னால கான், ரோட்டோரம் கான். மழைத்தண்ணிக்கு அதுவும் ஓடைதான். படத்தில் அது ஒன்றும் இல்லை. 2000 பெப்ரவரியில் விண்வெளி ஓடம் 11 நாளில் எடுத்த உயரத் தரவு இப்ப இலவசமாகக் கிடைக்குது. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீற்றர். கானை எங்கே தேடுறது? ஆக, நாம எடுக்கிற அடர்த்தி உண்மையைவிடக் குறைவு. தண்ணி நாம கணக்கிட்டதைவிட வேகமா வரும்.

இது வெறும் பாடக்கணக்கு இல்லை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போச்சு. அது மண்சரிவு, வெள்ளம் இல்லை. ஆனாலும் வீடு எங்கே நிற்குது என்பதுதான் அங்கேயும் கேள்வி. எங்கள் பக்கம் 7 பேர்ச் காணிக்குப் பேசிக்கிட்டு இருக்கிற சமதரை, அந்த உருண்டை வடிநிலத்தின் வாயிலதான் இருக்கு.

மாமா முப்பது வருசம் கான் வெட்டினவர். எந்தக் கான் எந்த ஓடையில் விழும் என்று படம் பார்க்காமலே சொல்லுவார். அடுத்த கிழமை டேப்போட அவர் பின்னாலதான் போறேன்.