மலைவழியும் நடந்த கால்களும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் மனிதர் நடந்ததற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. சிவனொளிபாதமலைக்கு ஏறியோர் வழிபாட்டின் பொருட்டு ஏறினர். சந்தைக்குச் சென்றோர் பண்டத்தின் பொருட்டு நடந்தனர். நடப்பதற்காகவே நடத்தல், அதுவும் விடுமுறையில் செலவு செய்து நடத்தல், பிற்காலத்து வழக்கம். அவ்வழக்கத்துக்கென இன்று ஒரு நெடுந்தடம் உண்டு. தேயிலையின் தரமொன்றைக் குறிக்கும் 'பெக்கோ' என்ற சொல்லே அதன் பெயர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலாக எழும் ஹந்தானை மலையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என வளைந்து நுவரெலியாவில் முடியும் இத்தடம் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது; 22 கட்டங்களாக வகுக்கப்பட்டது.

இதன் அழகை மறுப்பது வீண்பிடிவாதம். மூடுபனி விலக, ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை அடுக்குகளாக விரியும் காட்சிக்கு முன் எவரும் சற்றே நின்றுவிடுவர். ஆயின் அந்த அடுக்குகளும் அவற்றினூடே செல்லும் பாதைகளும் இயற்கையின் கொடையல்ல. நடைவழியின் பெரும்பகுதி, கோப்பியும் தேயிலையும் இறக்குவதற்காகத் தோட்டங்களில் வெட்டப்பட்ட பழைய பாதைகளே. வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் அதே பாதையில் இன்றும் நடக்கின்றனர். 'மலைக்குப் போதல்' என்னும் தொடர் அவர்களது வழக்கில் வேலைக்குப் போதலையே குறிக்கும். முதுகுச் சுமையோடு ஏறும் உல்லாசப் பயணியும் கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண்ணும் ஒரு வளைவில் எதிர்ப்படுகையில், இருவரும் மலைக்குப் போனவர்களே. ஒருவருக்கு அது விடுமுறை.

இம்மக்களின் முதல் நடை மலையில் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தோர் பலர். எண்ணி எழுதி வைத்தார் எவருமிலர். தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1914இல். அதற்குள் பல தலைமுறைகள் நடந்து முடித்திருந்தன. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஜூலை 28இல் புறப்பட்டோர் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். இதுவும் நடையே. ஆனால் இயற்கைக் காட்சியை நாடியன்று, காணியும் வீடும் சமத்துவமும் கேட்டு நடந்த நடை.

பெயர்களின் செய்தியும் கவனத்துக்குரியது. லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயரால் அங்கு ஒரு கல்லிருக்கை காட்டப்படுகிறது. ஹப்புத்தளைக்கு அப்பால், தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில், 'லிப்டன் இருக்கை' உண்டு. துரைமார் உட்கார்ந்த இடங்கள் பெயர் பெற்றுவிட்டன; நின்று வேலை செய்தோரின் இடங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. இத்தனைக்கும் தொழிலாளர் தோட்டங்களுக்குத் தமக்கென்று தமிழ்ப் பெயர்களையும் இட்டு வழங்கினர். கங்காணியின் பெயரால், மரத்தின் பெயரால், சொந்த ஊரின் நினைவால் பிறந்த அப்பெயர்கள் முதியோரின் நாவில் எஞ்சியுள்ளன. அவற்றைத் திரட்டும் பணி, மலைநாட்டிலேயே அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவருக்கு எட்டாத ஒன்றன்று.

இதனினும் கடினமான வினா வருவாய் பற்றியது. நடைவழியால் வழியோர மக்கள் பயனடைவர் என்று கூறப்படுகிறது, அது பொய்யுமன்று. நடந்து களைத்தவருக்கு உணவும் படுக்கையும் வேண்டும். கிராமத்தில் சொந்த வீடுடையோர் ஓர் அறையை ஒதுக்கி விருந்தினரை ஏற்கலாம். கடனெடுத்துக் குளியலறையும் கட்டலாம். லயத்தில் வாழ்வோர் என் செய்வர்? லயம் தோட்டத்துக்குரியது. அதன் சுவரில் ஒரு யன்னல் வெட்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காணி உறுதியின்றி வங்கியில் கடனில்லை. தலைமுறை தலைமுறையாக அதே வரிசை வீடுகளில் வாழ்ந்தும், மிகப் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களின் கையில் அந்த உறுதி இன்னமும் இல்லை. எனவே பயணி லயத்து வாசலைக் கடந்து, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கையசைத்து, கொழுந்து மடுவத்தின் அருகே ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அந்திக்குள் தங்குமிடத்தை அடைய அடுத்த ஊரை நோக்கி நடக்கிறார்.