பெற்றோர் கூட்டத்தில் வாங்கிய கையெழுத்து

மாதாமாதம் எங்கள் பால்வாடியில் பெற்றோர் கூட்டம் நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கும். கையெழுத்துகள் நிஜம்தான், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களை வாசலிலேயே நிறுத்தி வாங்கியவை. எடை எவ்வளவு, சத்துமாவு வாங்கியாச்சா என்பதைத் தாண்டி நான் எதுவும் பேசியதில்லை. 2021இல் அங்கன்வாடிப் பதிவுகளுக்கென்று போஷன் டிராக்கர் செயலி வந்த பிறகும் இதே கதைதான்.

முன்பருவக் கல்விக்கென்று ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் இருக்கிறது. பிள்ளை செய்ததைப் பெற்றோரிடம் காட்டுங்கள், வீட்டிலும் தொடரச் சொல்லுங்கள் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். நான் பிள்ளைகளின் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கிழிந்துவிடும் என்பது சாக்கு. பாதிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன.

பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, மகளை முழம் போடவைத்தே எண்ணப் பழக்கியிருந்தார். “இன்னைக்கு ஒம்பது முழம் எண்ணுனா டீச்சர்” என்றார், முகமெல்லாம் பெருமை. “நீங்க ஒண்ணு சொல்லி, நாங்க ஒண்ணு சொன்னா பிள்ளை குழம்பிரும்மா. அதெல்லாம் இங்க பாத்துக்கறோம்” என்றேன். ஒன்று, இரண்டு என்று கூட்டமாகக் கத்தவைத்ததைத் தவிர இங்கே எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. எண்ணுவதற்கென்று ஒரு புளியங்கொட்டையைக்கூட அந்தப் பிள்ளையின் கையில் நான் கொடுத்ததில்லை. எண்ணைப் பொருளோடு சேர்த்துப் பழக்க வேண்டும் என்று தெரியாமலா? பரீட்சை வைத்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

அடுத்த ஜூனில் அவளை இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்துவிட்டார்கள். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் அரசே எல்.கே.ஜி. தொடங்கியது, எங்கள் மையம் அதில் இல்லை. அதுதான் காரணம், இங்கிலீஷ் மோகம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். கடைத்தெருவில் பார்த்தபோது அந்த அம்மா சொன்னது வேறு: “சோறு போட்டுத் தூங்கவைக்கிற இடம்னுதானே நெனச்சோம் டீச்சர்.”

வேலைப்பளு என்று சொல்லிவிடலாம். எடை, தடுப்பூசி நாள், கணக்கெடுப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் யாராவது ஓர் அம்மா உள்ளே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், நான் ரிஜிஸ்டர் எழுத, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்துவிடுவார். எனக்கு இருந்தது அந்தப் பயம்.

இப்போது சிலரை உள்ளே கூப்பிடுகிறேன். ஒரு பாட்டி வந்து கதை சொல்கிறார், என்னைவிட நன்றாகவே. ஆனாலும் பதிவேடு பாக்கியிருக்கும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைங்க தூங்குதுன்னு சொல்லி அனுப்பிவிடுகிறேன்.